கண்டனக் கூட்டத்தில் ஒரு கடவுள் வாழ்த்து

"இந்த வருஷ இசை விழா ரத்து. சனிக்கிழமை நாலு மணிக்கு ஹாலுக்கு வாங்கோ, பேசிக்கலாம். இப்படிக்கு, சபா செக்ரட்டரி மஹாதேவன்."

வாட்ஸ்அப்புல இது வந்ததும் கல்கத்தா லேக் மார்க்கெட் தமிழ்க்காரா வீடெல்லாம் குக்கர் மாதிரி விசிலடிச்சுது. ரோஹிணி மட்டும் அழுதுட்டா. பெஹாலாலேர்ந்து பஸ்ல தொங்கிண்டு பேங்குக்குப் போற பொண்ணு. அதுக்கு நடுவுல மூணு வருஷம் சாதகம் பண்ணி இந்த விழாவுல வாங்கின முதல் கச்சேரி. அதே சனிக்கிழமை, அதே நாலு மணி. போச்சு!

அன்னிக்கு ஹால்ல நிக்க இடமில்லை.

"ஓய் மஹாதேவன்! கலையைக் கொலை பண்ணிட்டீரே!"ன்னு ராஜாராமன் கத்தினார். போன வருஷம் பல்லவி நடுவுல, "ரவா தோசை தீந்துடும்"னு கேன்டீனுக்கு ஓடினவர்.

"சங்கீதம்தான் என் மூச்சு!"ன்னு பூர்ணிமா மாமி மூக்கைச் சிந்தினா. மாமி கடைசியா முழுசாக் கேட்டது அவ கல்யாண நாதஸ்வரம்.

ரோஹிணி நேரா மேடைகிட்டப் போனா. "மாமா, என் கச்சேரிக்கு என்ன பதில்?"

"சொல்றேன்டிம்மா. கடவுள் வாழ்த்து இல்லாம கூட்டம் ஆரம்பிக்கலாமோ? நீயே பாடிடு."

"நான் பயங்கர கோபத்துல இருக்கேன்!"

"கோபத்தோடயே பாடு. சுருதி சேர்ந்தாப் போறும்."

அவ கச்சேரிக்கு வாசிக்க இருந்தவா, கண்டனம் பண்ண வாத்தியத்தோடவே வந்திருந்த வயலின் ஜெய்ராமும் மிருதங்கம் சாய் கிருஷ்ணாவும் மேடையேறி உக்காந்துட்டா.

இருந்த ஆத்திரத்துல ரோஹிணி தோடியை எடுத்தா பாரு! ரெண்டு நிமிஷம் பத்தாச்சு, பத்து நாப்பதாச்சு. கடவுள் வாழ்த்துக்கு நடுவுல எழுந்து போக எவனுக்கு தைரியம் வரும்? ராஜாராமன் ஒருதரம் பாதி எழுந்தார். மாமி ஒரு முறை முறைச்சா. உக்காந்துட்டார். அப்புறம் பார்த்தா, மனுஷன் தொடையில தாளம் போடறார்! மாமி கண்ணுல நெஜமாவே தண்ணி.

பாடி முடிச்சதும் கைதட்டல் அடங்கவே இல்லை. ரோஹிணிக்குக் கோபம் எங்கே போச்சுன்னே தெரியலை.

மஹாதேவன் மைக்கைப் பிடிச்சார்.

"இப்போ கண்டனத்தைத் தாராளமா ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு திருத்தம். விழா ரத்தாகலை, இப்போ முடிஞ்சதுதான் முதல் கச்சேரி. போன வருஷம் நானூறு பேருக்கு 'அவசியம் வரவும்'னு எழுதினேன், பதினோரு பேர் வந்தேள். புதுசாப் பாடற பொண்ணு காலி நாற்காலிக்குப் பாடக் கூடாதேன்னு, இந்த வருஷம் 'ரத்து'ன்னு எழுதிப் பார்த்தேன்!"