கிழிக்க மறந்த நோட்டீஸ்

“சார், நோட்டீஸ்ல இருக்கிற ஆளை நான் பார்த்தேன்! போன ஞாயித்துக்கிழமை ஆப்ரா படகுல என் பக்கத்துலதான் உட்கார்ந்து வந்தான். கோடு போட்ட சட்டை, முறுக்கு மீசை. சத்தியமா அவனேதான்!”

ஜெரிஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

“அண்ணே, அது நான்தான். சினிமாவுக்காக ஒட்டுன நோட்டீஸ். யாரும் காணாமப் போகல.”

“சினிமாவா? வேற வேலை இல்லையாடா உனக்கு!” லைன் கட்டானது.

காலையிலிருந்து இது ஐந்தாவது போன். லேப்டாப்பில் எடிட்டிங் செய்துகொண்டிருந்த ராஜிக் விழுந்து விழுந்து சிரித்தான். கீழக்கரைக்காரன். துபாய் தேராவில் சென்ட் கடையில் வேலை. ஜெரிஷின் படத்துக்குக் கேமராமேன், எடிட்டர், டிரைவர் எல்லாமே அவன்தான்.

“‘காணவில்லை’ நோட்டீஸ்ல எவனாவது சொந்த நம்பரைப் போடுவானாடா, கிறுக்கா?”

“பார்க்க நிஜம் மாதிரி இருக்கட்டும்னு போட்டேன் மக்கா. நீதானே எல்லாத்தையும் கிழிச்சாச்சுன்னு சொன்ன?”

“தேராலயும் புஜைரா மீன் மார்க்கெட்லயும் ஒட்டுனோம். முனிசிபாலிட்டிக்காரன் வந்தா ஃபைன்னு பயந்து ஓடி வந்தோம்ல? அதுல ரெண்டு மூணு விட்டுப்போச்சு மாப்ள.”

ஆறு நாள் ஏசி மெக்கானிக், ஏழாவது நாள் டைரக்டர். அதுதான் ஜெரிஷ். படத்தில் கதாநாயகனும் அவனேதான். மற்றவர்களுக்கு அன்றைக்கு லீவு கிடைக்காது. கிடைத்தாலும் இந்த வேடத்தை அவன் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டான். இது அவனுடைய அப்பாவின் கதை.

அப்பா கிறிஸ்துதாஸ் புஜைராவில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புயலில் லாஞ்ச் கவிழ்ந்தது. மூன்று பேரின் உடல் கரை ஒதுங்கியது. அவருடையது ஒதுங்கவே இல்லை. அப்போது ஜெரிஷுக்கு எட்டு வயது.

கண்ணாடிக்குப் பக்கத்தில் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் தானே மேக்கப் போட்டான். போட்டு முடித்துத் திரும்பியபோது ராஜிக்கே, “யா அல்லாஹ்!” என்று இரண்டடி பின்னால் போய்விட்டான். அச்சு அசல் அப்பா!

ஊரில் அம்மா புஷ்பமேரி மட்டும் இத்தனை வருடமாக அவர் செத்துப்போனதை ஒப்புக்கொள்ளவே இல்லை. பங்குச்சாமியார் சொல்லிப் பார்த்தார், கூடப்பிறந்தவர்கள் சண்டை போட்டுப் பார்த்தார்கள். “உடம்பு கிடைக்காதவருக்கு என்ன மரிச்ச பூசை? அவரு வருவாரு” என்று தினமும் சாயங்காலம் வாசல் விளக்கைப் போட்டுவைத்தாள். கடைசியில், ஜெரிஷ் அப்பாவாக நடித்து அனுப்பிய கடல் காட்சிதான் அவளை அசைத்தது. புருஷனின் முகம் தண்ணீருக்குள் போவதைப் போனில் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதாள். விடிந்ததும், “போதும் மக்களே. பூசை வச்சிரலாம்” என்றாள்.

இன்றைக்குத்தான் அந்தப் பூசை. கோவிலுக்குக் கிளம்பும்முன் அம்மா வீடியோ காலில் வந்தாள்.

“மக்களே, இறங்கியாச்சு. நான் செய்யது சரிதானா?”

“சரிதான் எம்மா. அப்பா இனியாவது நிம்மதியா இளைப்பாறட்டும்.”

“ஆனா படத்துல ஒரு குறை உண்டு, கேட்டியா? தழும்பை மாத்தி வச்சிட்ட. அப்பாவுக்கு வலது புருவத்துல. தூண்டி முள்ளு கிழிச்சது. நீ இடதுல வச்சிருக்க.”

ஜெரிஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான். கண்ணாடியைப் பார்த்து வரைந்ததில் வந்த வினை!

“போகட்டும் எம்மா. அதை உன்னை விட்டா யாரு கண்டுபிடிக்கப் போறா?”

ஒரு மணி நேரத்தில் சித்தி மகன் வீடியோ அனுப்பினான். படத்தின் கடைசிக் காட்சி அதுதான். புஷ்பமேரி தாலியைக் கழற்றி மாதாவின் காலடியில் வைத்துவிட்டு, எழுந்திருக்க மாட்டாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஜெரிஷ் வாய்விட்டு அழுதான். ராஜிக் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

“கலாஸ் மாப்ள. படம் முடிஞ்சுது. உங்கம்மா இனி வாசலைப் பார்த்துட்டு உட்கார மாட்டாங்க.”

மறுபடி போன் அடித்தது.

“ஆறாவது ஆளு! ஸ்பீக்கர்ல போடு” என்றான் ராஜிக்.

ஒரு சின்னப் பெண்ணின் குரல். “ஹலோ, நான் புஜைராலேர்ந்து பேசறேன். ஃபிஷ் மார்க்கெட்ல நோட்டீஸ் பார்த்து, அதைப் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். அந்த போட்டோ உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

“அது என் போட்டோம்மா. சினிமாவுக்காக எடுத்தது. தயவுசெய்து கிழிச்சுப் போட்டிரு.”

“பொய் சொல்லாதீங்க அங்கிள். அது எங்க டாடி. மம்மியோட வெட்டிங் போட்டோல டாடி இதே மாதிரிதான் இருப்பாரு. அவரு காணாமல்லாம் போகல, உள்ள தூங்கிட்டு இருக்காரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜெரிஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரே சாடையில எத்தனையோ பேர் இருப்பாங்கம்மா. நல்லா பாரு, அது வேற ஆளு.”

ஸ்பீக்கரில் காகிதம் சரசரத்தது.

“ஆமா அங்கிள், வேற ஆளாத்தான் இருக்கணும். இந்த போட்டோல புருவத்துத் தழும்பு லெஃப்ட்ல இருக்கு. எங்க டாடிக்கு ரைட்ல. சின்ன வயசுல தூண்டி முள்ளு கிழிச்சதாம்.”