டம்மி வரி

"நேத்துப் போட்ட சட்டைதானே இது? அக்கா இருந்தா இதோட வாசல் தாண்ட விட்டிருப்பாளா மாமா?"

மைத்துனி கேட்டாள். பல் தேய்த்தாயிற்று. பால் காய்ச்சியாயிற்று. கேஸை மூடியாயிற்று. செல்போனை எடுத்துக்கொண்டு அதே சட்டையுடன் படியிறங்கினான். மைத்துனியும் கூட வந்தாள்.

வக்கீலின் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது.

"சாயங்காலம் மியூசிக் டைரக்டரைப் பாக்கப் போறீங்க. அதுக்குள்ள உங்க வீட்டம்மா பாட்டுக்குக் காப்பிரைட் விண்ணப்பமாவது போட்டுடணும்" என்றார் வக்கீல். "சும்மா போட்டுக் காட்டிட்டு வந்தீங்கன்னா, நாளைக்கு அவர் பேர்ல வரும். அப்புறம் வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்க வேண்டியதுதான். எங்கே, பாட்டைப் போடுங்க."

அவன் முதல் பாட்டைப் போட்டான்.

'குக்கர் விசில் அடிக்குது, அணைச்சுட்டுப் போ ராசா...'

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது?"

"அது டம்மி வரி சார்" என்று மைத்துனி சிரித்தாள். "மெட்டுக் கட்டும்போது அக்கா வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடுவா. நல்ல வரி அப்புறம்தான். மாமாவோட குறட்டைக்கே ஒரு சரணம் இருக்கு!"

உண்மைதான். ஆபீஸ் நேரத்தில் மனைவி அவன் போனுக்குப் பாடி அனுப்புவாள். மளிகை, மாடியில் காயும் துணி, மாமியார் வருகை, எல்லாம் ராகத்தோடு வரும். வார்த்தைகளை விட்டுவிட்டு மெட்டை மட்டும் கேட்க அவன் பழகியிருந்தான்.

கடைசிப் பாட்டு ஓடியது.

'மழை வருது, துணி எடுக்கணும்... மார்பை என்னமோ அழுத்துது, மூச்சு முட்டுது, வந்துடேன்...'

"அடடா, மெட்டு ஆளை உருக்குது" என்றார் வக்கீல். "வரிதான் இடிக்குது. மார்பை அழுத்துறது காதலா, வாயுவான்னு கேப்பாங்க!"

மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எல்லாத்துக்கும் நானே வேற வரி எழுதித் தரேன் சார்."

"இதுக்கு வேண்டாம்" என்றான் அவன்.

"இதுதான் மாமா இருக்கறதுலயே நல்ல மெட்டு! ஒரு பாட்டாவது வெளிய வரணும்னு அக்கா எவ்வளவு ஆசைப்பட்டா! டம்மியோட கொண்டு போனா சிரிக்க மாட்டாங்களா?"

"இதைப் பதிவு பண்ண வேண்டாம். யாருக்கும் குடுக்கவும் வேண்டாம்."

"ஏன்?"

அவன் செல்போனை அவள் பக்கம் திருப்பினான். பாட்டுக்குக் கீழே, அன்று மத்தியானம் அவன் அனுப்பிய பதில் இருந்தது: 'மெட்டு பிரமாதம். பதிவு பண்ற வரைக்கும் யார்கிட்டயும் பாடிக் காட்டாதே.'

அதை மனைவி பார்த்ததற்கான அடையாளம் விழவே இல்லை.

மைத்துனி தேதியைப் பார்த்தாள். "அக்கா போன அன்னிக்கு அனுப்பினதா மாமா?"

அவன் தலையாட்டினான். மெட்டு முடிந்த இடத்தில் அன்றைக்கு நிறுத்தியிருந்தான். இப்போது அதற்கு மேலும் ஓடவிட்டான்.

சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ராகம் எதுவும் இல்லாமல் மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க... இது டம்மி இல்லைங்க."