செவ்வாய்க்குச் சம்மதம்

வெள்ளத் தடுப்பணையின் கரையில் மண் திருடுகிறவர்களை விரட்டி விரட்டி அலுத்துப்போன பொதுப்பணித்துறைக் காவலாளி மூக்கையா, அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றிவிட்டான். அன்றிலிருந்து ஒரு கூடை மண்கூடக் குறையவில்லை.

அடுத்த மழையில் சரியாக அந்தக் கல்லுக்குக் கீழே கரை கசிந்தது. தோண்டிக் களிமண் வைத்துக் கெட்டித்தால் அரைநாள் வேலை. ஆனால் ஊரே செம்போடு வரிசையில் நின்றது, தீர்த்தம் பிடிக்க.

"அண்ணாச்சி, அது நான் நட்ட கல்லு!"

"உன் கையாலயே நடவச்சா பாத்தியா, அதான் ஆத்தா," என்றார் மளிகைக்கடைச் சங்கிலி.

கரைக்குக் கீழே முதல் வீடு மூக்கையாவினுடையது. வேறு வழி தெரியாமல் வேப்பிலையை ஒடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினான். "என்னை எடுத்து மேட்டுல வைங்கடா! இந்த எடத்தைத் தோண்டிக் கெட்டிங்கடா! இன்னைக்கே!"

கூட்டம் விழுந்து கும்பிட்டது. சங்கிலி மட்டும் கைகட்டி நின்று, சரக்குக்குப் பேரம் பேசுகிற குரலில் சொன்னார்.

"இன்னைக்கு அஷ்டமி, ஆத்தா. கிடா வெட்டித்தான் உன்னை எடுக்கணும். வர்ற வெள்ளி வரைக்கும் பொறுத்துக்கோ."

"இப்பவே!"

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை."

ஆட்டத்தை நிறுத்தினால் சாமி இல்லை, வெறும் மூக்கையா. ஆடிக்கொண்டே குனிந்து பார்த்தான். அதுவரை தெளிவாக வந்த தண்ணீர் சிவந்திருந்தது. கரையின் உள்மண் கரைந்து வருகிறது.

சங்கிலியும் பார்த்துவிட்டார்.

"குங்குமம் கரைச்சு விடுறா பாருங்க! செவ்வாய்க்கு ஒத்துக்கிட்டா!"

பெண்கள் குலவையிட்டார்கள்.