வெறுங்கை

“இதைவிட ஒசத்தியா இருந்தா எடுங்க. வெலையைப் பத்திக் கவலையில்லீங்க.”

நல்லம்மாளால் நம்பவே முடியவில்லை. இளம்பிள்ளையில் நெசவுக்காரர் வீடு தேடிச் சேலைக்கு வருகிறவர்கள் முதலில் விலையில்தான் கை வைப்பார்கள். இவரோ திருச்செங்கோட்டு லாரி முதலாளி, பெயர் சின்னண்ணனாம். வாசலில் அவருடைய அம்பாசிடர் உறுமிக்கொண்டே நின்றது.

“சேலை யாருக்குங்க?”

“தங்கச்சி சௌந்திரத்துக்குங்க. பக்கத்துல காக்காபாளையத்துலதான் குடுத்திருக்குது.”

அண்ணன் என்றால் இவரல்லவா அண்ணன்! நல்லம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். காலையில் ராசிபுரத்திலிருந்து வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான். உள்ளே தறியோரம் உட்கார்ந்திருந்த அந்தச் சுவாமிநாதனுக்கு அவள் இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பெட்டியின் அடியிலிருந்த பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து விரித்தாள்.

“பட்டுத்தான் வேணும்னு கேட்டாங்களாக்கும்?”

“அது எங்கங்க கேட்டுச்சு! ‘பட்டெல்லாம் வேண்டாண்ணா, நோம்பிக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ’ன்னுதான் சொல்லும். ஒத்த லாரியை வெச்சுட்டு வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு இருந்துட்டேன். இப்ப நாலு லாரி ஓடுது.”

“அப்பறம் என்னங்க! காசு இருந்தாத்தாங்க அண்ணன் தங்கச்சியெல்லாம். வெறுங்கையோட வந்து நின்னா யாருக்குச் சந்தோசம்?” உள்ளே கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

அவர் சேலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“மோர் குடிச்சுட்டுப் போங்க.”

“வேண்டாங்க.”

“ரவிக்கைத் துணி?”

“அதுவும் வேண்டாங்க.”

பணத்தை வைத்துவிட்டு, ‘வாரேன்’ என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் படியிறங்கினார். நாலு காசு சேர்ந்தால் மரியாதை மறந்துவிடும்போல என்று அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வியாபாரமாயிற்றே.

“ஏனுங்க, நெறம் புடிக்கலைன்னா தங்கச்சியவே கூட்டிட்டு வாங்க. மாத்திக்கலாம்.”

சின்னண்ணன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“அது விடியறப்பவே போய்ச் சேந்துருச்சுங்க, அம்முணி. இது பொறந்த ஊட்டுக் கோடி. இதைப் போத்தித்தான் எடுக்கோணும்னு எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க.”

கார் போய்விட்டது.

“அண்ணா, எந்திரிச்சு வாண்ணா, சோறு போடறேன்” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

தறியோரம் யாருமில்லை, புழக்கடைக் கதவு திறந்து கிடந்தது.