முள்ளின் மேல் ஒட்டிய டேப்

டேஷ்போர்டில் முள் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

என் ஷெட்டுக்கு எத்தனையோ மேதாவிகளின் கார்கள் வந்திருக்கின்றன. எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டருக்கே டேப் போட்ட மேதாவியை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

யார் ஒட்டியது என்று காரை ஓட்டி வந்த பெண்ணிடம் கேட்டேன். வீட்டுக்காரராம். முள் ஏறி ஏறி இறங்குகிறது என்று இவள் சொன்னாளாம். மீட்டர் கெட்டுப்போச்சு, நீ அதைப் பார்க்காதே, பார்த்தால்தானே பயம் என்று ஒட்டிவிட்டாராம்.

இவளும் சரியென்று தலையாட்டிவிட்டு ஓட்டியிருக்கிறாள். உடுப்பில் ஒரு மடிப்புக் கலையவில்லை. உச்சந்தலைக்குள் மட்டும் ஒன்றுமில்லை.

டேப்பை உரித்தேன். சுலபமாக வந்தது. பல தடவை தூக்கிப் பார்த்து, திரும்ப ஒட்டியதில் பசையே போயிருந்தது. அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டேன். சும்மா நிற்கும்போது முள் மளமளவென்று ஏறியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இறங்கியது. மீட்டர் பாவம், உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். பாதிக்கு மேல் காலி. கீழ் ஹோஸில், கிளிப்புக்குப் பக்கத்தில் வெடிப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, தண்ணீர் போன இடத்தில் காற்று புகுந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தால் எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இதையெல்லாம் நின்று நிதானமாகச் சொன்னேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு லைசென்ஸ் எதற்கு என்றும் கேட்டேன். வீட்டுக்காரர் சொன்னால் பிரேக்கையும் கழற்றிவிடுவீர்களா என்றும் கேட்டேன். இந்த மாதிரி ஆட்களிடம் என் வாய் நிற்காது.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பானட்டுக்குக் கீழே என் பக்கமாகக் குனிந்தாள்.

"அக்கா, நீங்க அவர்கிட்டேருந்து எப்படி வெளிய வந்தீங்க?"

கையில் ஸ்பானர் அப்படியே நின்றது.

நான் அவனை விட்டு வந்தபிறகு அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். யாரை என்று விசாரிக்கக்கூட எனக்கு மனம் வந்ததில்லை.

அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள்.

பானட்டை மூடிவிட்டு, அவளை உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தேன். பிறகு ஷட்டரை இறக்கினேன்.

"வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவான்?" என்றேன்.