ஐந்தரை மணி வேன்

நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

கோர்ட் என்றால் கூண்டு இருக்கும் என்று நினைத்து வந்திருந்தாள். இங்கே ஒரு மேசைதான் இருந்தது. அதன் பின்னால் மாஜிஸ்திரேட், பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள். யாரும் காக்கி போட்டிருக்கவில்லை. சின்னப் பிள்ளைகளை விசாரிக்கிற இடம் இப்படித்தான் இருக்குமாம்.

தம்பி கபிலன் சுவரோரமாக நின்றான். அவள் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த சட்டை. அதற்குள் கை நீளம் போதாமல் போயிருந்தது.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு செல்போன் கடை. கூரைக்குக் கீழே சின்னதாய் ஒரு வென்டிலேட்டர். கூட வந்த பெரிய பையன்கள் இரண்டு பேருக்கும் அதற்குள் தோள் நுழையவில்லை. கபிலனுக்குப் பதின்மூன்று வயது. அவனுக்கு நுழைந்தது. உள்ளே இறங்கி, போன்களை எடுத்து எடுத்துக் கொடுத்தான். எல்லாம் கொடுத்த பிறகு திரும்ப ஏற முடியவில்லை.

கை கொடுக்க வெளியே யாரும் இல்லை.

காலையில் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியபோது தரையில் உட்கார்ந்திருந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். அவர் கொடுத்துவிட்டுத்தான் போலீசுக்குப் போன் செய்திருக்கிறார்.

உறுப்பினர்களில் ஒருவர் பெண். அவர்தான் கேட்டார்.

"ஸ்கூல் நாலு மணிக்கு விடுது. அதுக்கப்புறம் பையன் யாரோட இருப்பான்மா?"

அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா இல்லை. அப்பாவுக்குச் சித்தூர் பக்கம் இன்னொரு குடும்பம். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறாள். ஐந்தரைக்கு வேலை முடியும். ஓவர்டைம் பார்த்துவிட்டு வீடு வந்து சேர ஒன்பதாகிவிடும். விடியலிலேயே சோறு வடித்து, குழம்பு வைத்து, மூடிவிட்டுத்தான் போவாள். பல நாள் அது தொடாமல் அப்படியே இருக்கும்.

திமிர் என்று நினைத்தாள்.

அரிசி விக்கிற விலையில உனக்கு என்னடா கொழுப்பு என்று கத்தியும் இருக்கிறாள்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பசங்களோட எதுக்குடா சேர்ந்தேன்னு கேட்டோம். தனியா உக்காந்து சாப்பிட முடியலையாம். அவங்க பரோட்டாக் கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். பேசிக்கிட்டே சாப்பிடலாமாம்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க பொறுப்புல விட்டா என்ன செய்வீங்க?" என்றார் மாஜிஸ்திரேட்.

கண்டிப்பேன். புத்தி சொல்வேன். இனிமேல் இப்படி நடக்காது. வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து மனப்பாடம் செய்ததெல்லாம் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"சாயந்தரம் வீட்ல இருப்பேன் சார்."

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான்.

*

தம்பியை அவளோடு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை ஐந்தரைக்கு மெஷினை நிறுத்தினாள்.

சூப்பர்வைசர் வழியை மறித்து நின்றார். "ஆர்டர் கழுத்த நெரிக்குது. இந்த நேரம் பாத்து ஓவர்டைம் வேணாங்கற. அப்புறம் நீ கேட்டாலும் கிடைக்காது செவ்வந்தி, பாத்துக்க."

அவள் தலையாட்டினாள். அவர் அதையே வேறு மாதிரி சொன்னார். அதற்கும் தலையாட்டினாள்.

வெளியே வந்தபோது ஐந்தரை மணி கம்பெனி வேன் போய்விட்டிருந்தது.

டவுன் பஸ் பிடித்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நகர்வேனா என்றது. உட்கார முடியவில்லை. இறங்கி, கேட் திறந்ததும் குறுக்கு வழியில் நடந்தாள். பின்பக்கமாகத் தெருவுக்குள் நுழைந்தாள்.

வீடு பூட்டியிருந்தது.

"அப்பவே பூட்டிக்கினு எங்கியோ போனாம்மா" என்றாள் பக்கத்து வீட்டு ரஞ்சிதம். "யார் கூடன்னு கவனிக்கல."

பரோட்டாக் கடைக்கு ஓடினாள். கல் காய்ந்துகொண்டிருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை.

திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

முதல் நாளே.

தெருவிளக்கு எரியத் தொடங்கியது. உள்ளங்கை பரபரத்தது. வந்தால் அறைவோமா, கட்டிக்கொள்வோமா, அவளுக்கே தெரியவில்லை. எங்கடா போன என்கிற ஒரே கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

மெயின் ரோட்டுப் பக்கமிருந்து அவன் வந்தான்.

தனியாக வந்தான். ஓடி வந்தான்.

அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். மூச்சு இரைத்தது. கண்ணைப் புறங்கையால் தேய்த்துத் தேய்த்து முகமெல்லாம் அழுக்கு.

"வேன் வந்துச்சு. எல்லாரும் இறங்கினாங்க. கடைசி ஆள் இறங்குற வரைக்கும் பாத்தேன், நீ இல்ல. அப்புறம் வந்த பஸ்ஸெல்லாம் ஏறி ஏறிப் பாத்தேன்." குரல் நடுவில் உடைந்து கீச்சென்றது. "எங்கக்கா போன இவ்ளோ நேரம்?"

அம்மா போன பிறகு அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவள் எழுந்து நின்றாள்.

சூப்பர்வைசர் மறித்ததிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல், பதில் சொன்னாள்.