பழைய ராணுவ லாரி

லாரி மறுபடியும் ஏற்றத்தில் நின்றுவிட்டது.

மெக்கானிக் சாவியைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. சற்று நேரம் கழித்துத் திருகினார். ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

ராணுவம் ஏலம் விட்ட பழைய வண்டி. சினிமாவுக்கு வாடகைக்கு விடலாமென்று எடுத்தவர், “மூடு இருந்தா ஓடுது, இல்லேன்னா உக்காந்துக்குது” என்று அலுத்துக்கொண்டு பட்டறையில் விட்டுப் போயிருந்தார்.

கதவில் அழிந்தும் அழியாமலும் ஒரு படைப்பிரிவின் முத்திரை. மெக்கானிக்கின் மகன் டிரைவராக இருந்த பிரிவு.

சண்டை நடந்த வருடம், வரிசையில் முதலாவதாகப் போன அவனுடைய லாரி ஏற்றத்தில் நின்றது. பின்னால் வந்தவை நகர முடியாமல் குண்டுக்கு இரையாயின. பயந்துபோய் நிறுத்திவிட்டான் என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“தானா நின்னுடுச்சுப்பா” என்று வீட்டுக்கு வந்ததும் மகன் ஆரம்பித்தான்.

“என் கிட்டயே வண்டிக் கதை சொல்றியா?” என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரமே அவன் வேறு ஊருக்குப் பிழைக்கப் போனான். அம்மாவோடு மட்டும்தான் பேச்சு.

இப்போது இந்த லாரிக்குப் பெட்ரோல் பம்பை மாற்றியாயிற்று, கார்புரேட்டரைக் கழுவியாயிற்று. கடைசியில் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தார். பெட்ரோலோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் துண்டு வந்து விழுந்தது. இன்ஜின் உறிஞ்சும்போது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றால் தானே விலகிவிடும். எவன் தேடினாலும் லேசில் அகப்படாது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

மகனின் போன் நம்பரை மனைவியிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

“உன் லாரி நம்ம பட்டறைக்கு வந்திருக்குடா. நீ சொன்னது நெசம். அதுவாத்தான் நின்னிருக்கு.” கையிலிருந்த ரப்பரைத் திருப்பினார். “நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்.”



“அது என் லாரி இல்லப்பா” என்றான் மகன், நிதானமாக. “என்னுது அந்த ஏத்தத்துலயே எரிஞ்சு போச்சு.”

அவர் ரப்பரைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

“அன்னிக்கு என்னப்பா நடந்துச்சு?”

இத்தனை வருடத்தில் அவனிடம் அதைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.